கண்டிக்குப் போனவர்களின் சம்சாரங்கள்

ராசிபுரம், நாமக்கல், ஆத்தூர் பக்கத்துக் கிராமங்களில் 'கண்டிக்காரர் வீடு' என்று இன்றும் சில வீடுகளுக்குப் பெயர் உண்டு. வெண்ணந்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டுத் தாத்தாவோ அவருடைய அப்பாவோ கண்டிச்சீமைக்குப் போய் வந்தவர் என்று அர்த்தம். கண்டி என்றால் கண்டி நகரம் மட்டும் அல்ல. நுவரெலியா, அட்டன், பதுளை, மாத்தளை எல்லாமே நம்மவர்களுக்குக் கண்டிதான். "தாத்தா கண்டிக்குப் போனார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பாட்டியைப் பற்றிக் கேட்டால், "அவங்களும்தான் கூடப் போனாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் 'கூட' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

புருஷனுக்கு வேலை கிடைத்த நாட்டுக்குப் பெண்சாதியும் போவது இன்று சாதாரண விஷயம். சிங்கப்பூரில் அப்படிப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் சீட்டுக்கே 'டிபென்டன்ட் பாஸ்' என்று பெயர். சார்ந்திருப்பவர் என்று பொருள். சேலம், திருச்சி ஜில்லாப் பெண்கள் அந்த மாதிரிப் பயணத்தை நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். (நாமக்கல் தாலுகா கொஞ்ச காலம் திருச்சி ஜில்லாவோடும் இருந்தது. அதனால் பழைய கணக்குகளில் நம் பக்கத்து ஆட்களை இரண்டு தலைப்பிலும் தேட வேண்டும்.) போனது கண்ணுக்கெட்டாத தூரமும் அல்ல, நடுவில் ஒரு குறுகிய கடல் மட்டும் கிடக்கிற இலங்கை.

முதலில் போனவர்கள் ஆண்கள். 1830களிலிருந்து இலங்கை மலைநாட்டில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். காப்பிப் பழம் பறிக்க வருஷத்தில் சில மாதங்கள்தான் நிறைய ஆள் வேண்டும். நம் ஆட்கள் ராமநாதபுரம் கடற்கரையில் தோணி ஏறி மன்னார் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் காட்டு வழியில் நடந்தார்கள். தண்ணீர் இல்லாமலும் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். தப்பிப் போய்ச் சேர்ந்தவர்கள் பருவம் முடிந்ததும் கையில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்பி, இங்கே உழவைப் பார்த்தார்கள். அந்த வழியில் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக யாருக்கும் துணிவு வராது. தோட்டத்துக்கும் அப்போது பெண்கள் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

1869இல் காப்பிச் செடியின் இலையில் ஒரு பூஞ்சை நோய் கண்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் இலங்கைக் காப்பி ஒழிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி போன இடத்தில் எல்லாம் தேயிலை வந்தது. பயிர் மாறியது என்று ஒரே வரியில் சரித்திரப் புத்தகங்கள் சொல்லிவிடுகின்றன. நம் ஊர்ப் பெண்களின் வாழ்க்கை மாறியது இந்த ஒரு வரியில்தான்.

தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து விட்டுக்கொண்டே இருக்கும், வருஷம் பூராவும் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுக்கும் வேலையைப் பெண்கள்தான் வேகமாகச் செய்வார்கள் என்று துரைமார்கள் முடிவு கட்டினார்கள். அவர்களுக்குக் கூலி குறைவாகக் கொடுக்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். இனி சில மாதம் வந்து போகிற ஆம்பிளை ஆள் போதாது, குடும்பமே வந்து லயத்தில் தங்க வேண்டும் என்று ஆனது.

அதே சமயத்தில் இங்கே தாது வருஷப் பஞ்சம். 1871 ஜனக்கணக்கில் சேலம் ஜில்லாவில் ஏறக்குறைய பத்தொன்பதரை லட்சம் பேர் இருந்தார்கள். 1881 கணக்கில் அது சுமார் 16 லட்சமாக இறங்கிவிட்டது. பிறக்க வேண்டியவர்கள் பிறந்தும் இந்தக் கதி என்றால், செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சியிருந்த காட்டுவேலைக்காரர்களின் வாசலில்தான் கங்காணி வந்து நின்றான்.

கங்காணி முறையைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்கிய ஆள் ஒன்றுக்கு 2 சதம் வீதம் தோட்டம் கங்காணிக்குக் கொடுத்தது. 'பென்ஸ் காசு' என்பார்கள். ஆணானாலும் பெண்ணானாலும் தலைக்கு இரண்டு சதம். ஆகவே புருஷனை மட்டும் கூட்டிப் போனால் ஒரு தலை, பெண்சாதியோடு கூட்டிப் போனால் இரண்டு தலை, வளர்ந்த பிள்ளை இருந்தால் மூன்று. பிஜி, மொரீஷியஸ், நேட்டால் போன்ற ஒப்பந்தக்கூலி நாடுகளுக்கு ஆள் அனுப்பும்போது நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சர்க்கார் விதி போட்டு, அதை நிரப்ப முடியாமல் தவித்தது. இலங்கைக்கு அப்படி ஒரு விதி தேவைப்படவே இல்லை. கங்காணி அதே ஊர்க்காரன், பெரும்பாலும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிறவன். "அத்தை, மருமகளையும் அனுப்புங்க, அங்க சோறாக்க ஆள் வேணாமா?" என்றால் போதும்.

சோறாக்கப் போனவள் மறுநாள் விடியற்காலை பிரட்டுக்களத்தில் கூடையோடு நின்றாள்.

பயணமும் மாறிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து எண் அடித்த தகரத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கோத்து ஆள் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அந்தத் தகரத்தைக் காட்டினால் வழிச்செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்கில் ஏறும், கடைசியில் அது தொழிலாளியின் கடனில் போய் முடியும். தாலிக்கயிற்றுக்குப் பக்கத்தில் தகரக் கயிறும் தொங்கியது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மறுபடி ரயில். நம் பக்கத்து ஆட்கள் ரயிலேறக் கரூருக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். (சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் ஓடியது 2013இல்தான் என்பதை இளையவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.) கப்பலுக்கு முன்னால் மண்டபம் முகாமில் ஐந்தாறு நாள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, துணிமணியை ஆவியில் வேகவைத்து, பிறகு அனுப்புவார்கள். இந்திய மண்ணில் இருந்தாலும் அந்த முகாமை நடத்தியது இலங்கைச் சர்க்கார்.

அங்கே வாழ்க்கை எப்படி இருந்தது? பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறை ஒன்றில் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு. கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலை ஏற வேண்டும். கவ்வாத்து, கான் வெட்டுவது, முள்ளுக் குத்துவது போன்ற ஆண்களின் வேலை அளவுக் கணக்கு. முடித்துவிட்டால் மத்தியானமே லயத்துக்கு வரலாம். கொழுந்துக்காரி சாயங்காலம் கடைசி நிறுவை முடிகிறவரை நிற்க வேண்டும். வந்தபிறகு அடுப்பு. 1927இல் இலங்கைச் சட்டசபை குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று வைத்தார்கள். அவளுடைய 43 சதமும் பெரும்பாலும் அவள் கைக்கு வராது. சம்பள நாளில் புருஷன் போய் இருவர் காசையும் வாங்கி வருவது வழக்கம், தோட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள் கூலி வந்தது 1984இல், ஒரு பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. 54க்கும் 43க்கும் நடுவிலிருந்த அந்தப் பதினொரு சதத்தை ஒழிக்க ஐம்பத்தேழு வருஷம்.

கடன் தனி. கடனை அடைத்தால்தான் வேறு தோட்டம் போகலாம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921இல் அதை ஒழித்தார்கள்.

கூடப் போன எல்லாப் பெண்களும் பெயரில்லாமல் போகவில்லை. தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் இலங்கைக்குப் போய்ப் பத்திரிகை நடத்தி, தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் புருஷனுடைய வேலைக்காகப் போன பெண் என்றுதான் யாரும் முதலில் நினைத்திருப்பார்கள். அவர் கூட்டத்துக்குக் கூட்டம் பாடினார், பேசினார், பத்திரிகை வேலையும் பார்த்தார். தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் துண்டுப் பிரசுரத்தைவிடப் பாட்டு சீக்கிரம் போய்ச் சேரும் என்று தெரிந்தவர். 1940இல் அவருடைய பாட்டுகள் சிறு புத்தகமாகவும் வந்தன. நடேசய்யரைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறவர்கள் இந்த அம்மாளுக்கு நாலு வரியாவது ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே ஒரு சின்ன விலகல். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அப்பாவுக்கு அங்கே ஆலை வேலை. எங்கள் வகுப்பில் சைகோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலோ, சுங்கத்திலோ, போலீசிலோ இருந்திருப்பார். அம்மா அவர் வேலைக்காகக் கடல் கடந்து போனவர். அந்த வீடுகளில் 'லிவ்ரே தெ ஃபாமிய்' என்ற குடும்பப் புத்தகம் ஒன்று இருக்கும். அதில் மனைவியின் பெயர் பிறந்த வீட்டுப் பெயரோடு, பிறந்த ஊர், தேதியோடு தனிப் பத்தியில் எழுதியிருக்கும். புருஷன் செத்தால் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்த்தான் பென்ஷன் கேட்பார்கள், கிடைக்கும். பிரெஞ்சுக்காரன் நல்லவன், இங்கிலீஷ்காரன் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பேரும் வந்தது ஒரே காரியத்துக்கு. ஆனால் ஆயுசு பூராவும் காகிதத்தோடு மாரடித்தவன் என்பதால் எனக்கு இது கண்ணில் படுகிறது. சைகோனுக்குப் போன சம்சாரத்துக்குக் காகிதத்தில் ஓர் இடம் இருந்தது. கண்டிக்குப் போன சம்சாரத்துக்குச் செக்ரோலில் மட்டும்தான் இடம்.

அது 1948க்குப் பிறகு நன்றாகவே தெரிந்தது. அதற்கு முன்பே, 1939 ஆகஸ்டில், இலங்கைக்குக் கூலி ஆட்கள் போவதை இந்தியா தடுத்துவிட்டது. ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போவதே சிக்கலானது. இலங்கை சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம் ஆவதற்குள் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும் அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. எல்லாம் ஆண் வழிக் கணக்கு. தாலி கட்டியவனுக்குப் பிறந்த பிள்ளையானால், அம்மா அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து எடுத்திருந்தாலும் அது கணக்கில் வராது.

1949இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்களுக்கு என்று வேறொரு சட்டம் போட்டார்கள். கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ந்து அங்கே வசித்ததை நிரூபித்து விண்ணப்பிக்கலாம். சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

ஏன் இவ்வளவு குறைவு? தள்ளுபடி செய்யக் காரணங்கள் பல. அதில் ஒன்று, நம் வீட்டுப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு வயிற்றைப் பிசையும். விண்ணப்பம் போடுகிற ஆண் மட்டும் அங்கே இருந்தால் போதாது. கல்யாணம் ஆன ஒரு வருஷத்துக்குள் தொடங்கி விண்ணப்பத் தேதி வரை அவன் மனைவியும் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்று சட்டம் முதலில் சொன்னது. பிள்ளைகளுக்கும் அப்படியே ஒரு நிபந்தனை. நம் பெண்கள் தலைப்பிரசவத்துக்கு எங்கே போவார்கள்? தாய் வீட்டுக்கு. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் அழைத்து வந்தால், பிள்ளை பெற்று, தேறி, பிள்ளைக்கு மொட்டை போட்டு, நல்ல நாள் பார்த்துத் திரும்பிப் போக ஒரு வருஷம் தாண்டுவது அதிசயமா? மாமியாருக்கு முடியவில்லை என்று இன்னும் ஆறு மாதம் தங்கினால்? இங்கே நாமக்கல் பக்கத்தில் ஒரு திண்ணையில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பெண், தன் புருஷனுடைய பிரஜாவுரிமையைத் தான் முறித்துக்கொண்டிருப்பதை அறிந்திருக்க வழியே இல்லை. அவள் அங்கே உழைத்த வருஷங்களைச் சட்டம் எண்ணவில்லை, அவள் அங்கே இல்லாத மாதங்களை மட்டும் எண்ணியது. மனைவி பற்றிய நிபந்தனையைப் பிற்பாடு கொஞ்சம் தளர்த்தினார்கள்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடில்லாமல் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று முடிவு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். விண்ணப்பம் வாங்கியபோது, இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதியவர்களைவிட இங்கேயே இருக்கிறோம் என்று எழுதியவர்கள்தான் அதிகம். ஒப்பந்தக் கணக்கு அதற்கு நேர் எதிர்.

அந்தக் கணக்கில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுபதுகளில் ரெவின்யூ இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். 'தாயகம் திரும்பியோர்' என்று தலைப்புப் போட்ட ஃபைல்கள் வரும். கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை, மண்டபம் முகாமில் போட்ட முத்திரை, வியாபாரக் கடன் 5,000 ரூபாய்க்கு மனு. தேயிலை தவிர வேறொன்றும் அறியாதவர்களுக்கு வியாபாரக் கடன்! பணம் கரைந்ததும் நிறையப் பேர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மலை ஏறிவிட்டார்கள். அவர்களுக்கென்றே சர்க்கார் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது, பின்னால் அது டான்டீ ஆனது. ரெப்கோ வங்கி 1969இல் ஆரம்பித்ததும் இவர்களுக்காகத்தான்.

குடும்ப அட்டையில் முதல் வரியில் குடும்பத் தலைவர். இரண்டாவது வரியில் 'மனைவி'. ஒருநாள் அந்த இரண்டாவது வரி மட்டும் வந்து நின்றது. புருஷன் வந்த ஆறாம் மாதமே காலமாகிவிட்டான். அவனுடைய தாத்தா ராசிபுரம் பக்கத்துக்காரர் என்பதால் இந்த ஊரை எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாள் பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில். அவரைப் பெற்றவள் பிறந்ததும் அங்கேதான்.

"ஊருக்குப் போறோம்னு சொன்னாருங்கய்யா. யாரு ஊருக்குன்னு நான் கேக்கலீங்க" என்றார்.

அம்மா, அண்ணன், தம்பி எல்லோரும் அங்கேயே இருக்கிறார்களாம், அவர்கள் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தவர்கள். இவர் மட்டும் புருஷனுடைய பாஸ்போர்ட்டில் வந்தவர். பாட்டி ஒரு காலத்தில் புருஷன் வேலைக்காக இந்தக் கடலைத் தாண்டிப் போனாள்; பேத்தி புருஷனுடைய தாத்தாவின் ஊருக்காக அதையே திரும்பத் தாண்டி வந்திருக்கிறாள். அவளுக்கு இதுதான் வெளிநாடு. வெயிலே தாங்கவில்லை என்றார். இங்கே சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஃபைலைப் புரட்டியபோது அடியில் ஒரு காகிதம் இருந்தது. இலங்கையில் 1958 சட்டப்படி தொழிலாளர் சேமலாப நிதி உண்டு; தோட்டத்தை விட்டு வரும்போது கணக்குத் தீர்த்துக் கொடுப்பார்கள். அந்தக் கணக்குச் சீட்டு அவர் பெயரிலேயே இருந்தது. அவருடைய எண், அவருடைய தோட்டம், அவருடைய கைநாட்டு. அந்த ஃபைலில் 'மனைவி' என்று சொல்லாமல் அவரைச் சொன்ன காகிதம் அது ஒன்றுதான். மனுவில் அதை இணைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. நான் அதை நூலில் கோத்து மேலே வைத்தேன். கடனை அவர் பெயருக்கு மாற்றலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். சில மாதம் இழுத்தது, பிறகு உத்தரவு வந்தது. அதற்குள் அவர் கோத்தகிரிப் பக்கம் போய்விட்டார் என்று கிராம முன்சீப் எழுதியிருந்தார். அங்கே கொழுந்து எடுக்க ஆள் சேர்க்கிறார்களாம்.

1980களின் நடுவில் கலவரத்தால் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் அந்தக் கரையிலேயே தங்கிவிட்டார்கள். 2003இல்தான் இலங்கை ஒரு சட்டம் போட்டு, நாடில்லாமல் இருந்தவர்களைப் பிரஜையாக ஏற்றுக்கொண்டது. கோத்தகிரிக்குப் போன அம்மாளுடைய தம்பிமார்கள் அந்தப் பக்கம் பிரஜைகள், அவருடைய பிள்ளைகள் இந்தப் பக்கம் பிரஜைகள். மண்டபம் முகாமில் இன்றும் அகதிகள் இருக்கிறார்கள்.